வலது கைக் கியர்

புதுப்பட்டினம்
10.6.2024

ரோகிணி மேடத்துக்கு,

உங்க சைக்கிள் வந்து சேர்ந்துச்சு. வலது கைப் பக்கத்துக் கியர் விழாம இருந்தது, சரி பண்ணிட்டேன். காரணம் கிரீஸ்.

போன் பண்ணக் கூடாது, மெசேஜும் போடக் கூடாது, பதிலைக் காகிதத்துல எழுதி வண்டியோட அனுப்பணும்னு ஹேண்டில்பாரில் சீட்டு கட்டித் தொங்க விட்டிருந்தீங்க. கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்து இந்த வண்டியை என் கடையில வாங்கினப்போ, பில்லுல ஒரு ரூபா கூட்டல் தப்புன்னு திரும்பி வந்தவங்க நீங்க. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்தவங்க எது சொன்னாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நானும் பேனாவை எடுத்துட்டேன். வாடகை ரசீதைத் தவிர வேற எதுவும் எழுதி ரொம்ப நாளாச்சு. பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

லீவரை அமுக்கினா சும்மா போய்ச் சும்மா வருது, கிளிக்குனு மாட்டலைன்னு எழுதியிருந்தீங்க. சரியாத்தான் எழுதியிருந்தீங்க. லீவருக்குள்ள நாக்கு மாதிரி ஒரு சின்ன இரும்பு இருக்கு. அமுக்கும்போது அது எழும்பிப் பல்லுல போய் மாட்டணும். கிரீஸ் இறுகிப் பிசின் ஆயிட்டா நாக்கு ஒட்டிக்கும், எழும்பாது. இது வண்டியோட குத்தம் இல்லை, எங்க ஊர்ப் பழக்கம். உப்புக் காத்துல இரும்பு தாங்காதுன்னு, படகு மோட்டாருக்கு வெக்கிற கெட்டி கிரீஸையே சைக்கிள் கியருக்குள்ளயும் அடைச்சுத்தான் நாங்க விற்போம். கடல் ஓரத்துல ஓட்டுற வரைக்கும் பரவாயில்லை. நீங்க இப்போ செங்கல்பட்டு ஏரிக்கரைத் தூசியில ஓட்டுறீங்க. தூசியும் கிரீஸும் சேர்ந்து தார் மாதிரி ஆயிடுச்சு.

மேல் மூடியை மட்டும்தான் கழட்டினேன். உள்ள பிரிச்சா சுருள் கம்பி துள்ளி ஓடிடும், அப்புறம் அதைத் தேடிக் கடை பூரா தவழணும். ஸ்பிரே எண்ணெயை அடிச்சு, கறுப்புத் தண்ணி ஒழுகுறது நிக்கிற வரைக்கும் லீவரைத் தட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் துடைச்சுட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. இடது பக்கத்துக்கும் அதே வைத்தியம். இனிமே யார் சொன்னாலும் அதுக்குள்ள கிரீஸ் வெக்காதீங்க. அடைச்சது எங்க கை, அதனால கூலி கிடையாது.

மீன் வேன் சம்பத்துதான் புலம்புறான். "இன்னா பாய், மீன் பொட்டி மேல சைக்கிளை ஏத்தி அனுப்புறே? மார்க்கெட்ல இன்னிக்கு மீனு சைக்கிள்ல வந்துகினு கீதான்னு சிரிக்கிறானுங்க"ன்னு. சிரிக்கிறவன் மீன் வாங்கிட்டுத்தானே போறான், உனக்கு இன்னா நஷ்டம்னு கேட்டேன். வண்டியைக் கட்டக் கயிறைத் தேடப் போயிட்டான்.

வீட்டுல சைனம்பு கேட்கச் சொன்னா: இந்த வருஷம் மாங்காய்த் தொக்கு போடலையா? போன வருஷத்து பாட்டிலைத் தொறக்கறதுக்கு நான் மூடியை நிலைப்படியில தட்டின தழும்பு இன்னும் நிலையில இருக்கு. அப்படி இறுக்கி மூடறதுக்கு ஆபீஸ்ல டிரெயினிங் கொடுப்பாங்களோ?

இப்படிக்கு,
பஷீருதீன்


செங்கல்பட்டு
6.7.2024

பஷீர் பாய் அவர்களுக்கு,

வண்டியும் கடிதமும் கிடைத்தன. கடிதத்தைப் பிரித்ததும் சங்கரா மீன் வாசனை. அடுத்த முறை பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்புங்கள். இந்த வீட்டில் மோப்பம் பிடிக்க ஒருவன் இருக்கிறான்.

அவனைப் பற்றிச் சொல்லாமல் உங்களைக் கடிதம் எழுத வைத்தது நியாயமில்லை. என் மகன் ஆதித்யா. ஐ.டி. வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. நான் ஓய்வு பெற்று அவனோடு இங்கே வந்தபின், போன வருடம் கொளவாய் ஏரிக்கரையில் சைக்கிளோடு விழுந்தேன். முட்டியில் தையல் போட்டார்கள். அன்றிலிருந்து, "அம்மா, வண்டிய வித்துடு" என்று தினமும் ஒரு முறை, காலை மாத்திரை மாதிரி. ஒரு நாள் பொறுக்க முடியாமல் விற்றுவிட்டேன் என்றேன். யாரிடம் என்று கேட்டான். வாயில் வந்தது உங்கள் பெயர். எவ்வளவுக்கு என்றான். அதற்கும் ஒரு தொகை சொல்லி, என் சேமிப்பிலிருந்து அதை எடுத்து அவனுக்கே ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பொய்யாக இருந்தாலும் கணக்கு நேராக வேண்டும் அல்லவா?

ஆகவே இந்த வண்டி இப்போது உங்களுடையது. நிஜத்தில் அது எங்கள் அடுக்ககத்தின் வெளிச்சுவரை ஒட்டி, இஸ்திரி போடும் வேண்டாவின் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஆதித்யா ஆபீஸுக்கு ரயில் ஏறியதும் நான் இறங்கி வருவேன். வேண்டா தார்ப்பாயை விலக்கிவிட்டு, "ஆபீசரம்மா டியூட்டிக்குக் கிளம்பிட்டாங்க" என்பாள். என் போனுக்கு வருவதெல்லாம் ஹாலில் இருக்கும் அவன் லேப்டாப்பிலும் விழும்படி ஆதித்யா வைத்திருக்கிறான். என் நல்லதுக்குத்தான். அதனால்தான் காகிதம்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சைக்கிளில்தான் ஆபீஸ் போனேன், வந்தேன். இங்கே லிஃப்டில் இறங்கினாலே, "எங்க ஆன்ட்டி, வெயில்ல?" என்று நாலு கதவு திறக்கிறது. வண்டியில் ஏறிவிட்டால் கேட்க ஆள் கிடையாது. இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வண்டியைச் சரியாகப் பாருங்கள் என்பதற்காக இருக்கலாம்.

விஷயம் இதுதான். கிளிக் வந்துவிட்டது. ஆனால் இப்போது லீவர் கனக்கிறது. கரை மேட்டில் ஏறும்போது லேசான கியருக்குப் போகக் கட்டை விரலால் அமுக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. இடது பக்கம் வெண்ணெய். ஒரே வைத்தியம் பார்த்தீர்கள், ஒரு பக்கம் மட்டும் ஏன் பிழைக்கவில்லை? வண்டியை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

ரோகிணி


புதுப்பட்டினம்
11.7.2024

ரோகிணி மேடத்துக்கு,

என் பேரில் வண்டி வாங்கியிருக்கீங்க, விலை எவ்வளவுன்னாவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு உங்க பையன் கடைக்கு வந்து கேட்டா நான் ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு சொல்ல, ரெண்டு பேருமே மாட்டிப்போம். அடுத்த கடிதத்துல எழுதுங்க.

லீவர் சும்மா போறது ஒரு வியாதி, கனமா இருக்கிறது வேற வியாதி. முன்னதுக்கு கிரீஸ் காரணம். பின்னதுக்கு கேபிள். வெளிக்குழாய்க்குள்ள துரு ஏறிட்டா கம்பி இழுக்க முடியாம நிக்கும். அதனால கம்பியும் குழாயும் ரெண்டுமே புதுசு போட்டேன். ஆனா உள்ளதைச் சொல்லணும். கழட்டின கம்பியில துரு அவ்வளவா இல்லை. பழசைச் சுருட்டி சீட்டுக்கு அடியில கட்டியிருக்கேன், நீங்களே பாருங்க. புது கேபிள் 160 ரூபா.

நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு லேசாத்தான் இருக்கு. என் கை ஐஸ் பொட்டி தூக்கின கை, அதனால தெரியலையோ என்னவோ. நீங்க ஓட்டிப் பார்த்து எழுதுங்க.

கவரில்தான் போட்டிருக்கேன். அதையும் மீறி வாசனை வந்தா சங்கராவைத்தான் கேக்கணும்.

பஷீருதீன்


செங்கல்பட்டு
3.8.2024

பஷீர் பாய்,

கனம் போகவில்லை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். நேற்று மேட்டில் நின்றுவிட்டேன். இறங்கி, வண்டியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் அமுக்கினால்தான் கியர் விழுந்தது. பின்னால் வந்த பால்காரன், "தள்ளணுமா பெரிம்மா?" என்று கேட்டான். பெரிம்மா!

துருவில்லாத கம்பியைக் கழட்டி 160 ரூபாய்க்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறீர்கள். போகட்டும். நேர்மையாக அதை எழுதியும் இருக்கிறீர்கள். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வேலை இல்லை. லீவரே தேய்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வலது பக்கத்துக்கு முழுதாகப் புது லீவர் போடுங்கள். நல்ல கம்பெனியாக, எவ்வளவு ஆனாலும் சரி. விலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

விற்ற விலை நாலாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

சைனம்பு கேட்ட தொக்கு வண்டியோடு வருகிறது. ருமானி மாங்காய் கிடைக்கவில்லை, வேறு மாங்காய்தான். உப்பு சற்றுத் தூக்கல்.

ரோகிணி


புதுப்பட்டினம்
8.8.2024

ரோகிணி மேடத்துக்கு,

புது லீவர் போடல. வண்டியையும் திருப்பி அனுப்பல. கடிதம் மட்டும்தான் வருது. கோபப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

விலையைப் பத்திப் பேச்சே வேண்டாம்னு ஒரு கஸ்டமர் சொன்னா, வியாபாரிக்கு அன்னிக்குப் பெருநாள். ரெண்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு நல்ல லீவர் என் கடையில தொங்குது. மாட்டிவிட்டா எனக்கு லாபம், உங்களுக்கும் ஒரு மாசத்துக்கு மனசு நிறைவு. அப்புறம் திரும்பவும் கனக்கும்.

வண்டியில மூணு விஷயம் பார்த்தேன்.

உங்க வலது லீவரை சைனம்புவைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னேன். அவளுக்கும் ஏறக்குறைய உங்க வயசுதான். சுண்டு விரலால அமுக்கிக் காட்டிட்டு, "இதுக்குத்தான் என்னை அடுப்புலேர்ந்து இழுத்துகினு வந்தீங்களா"ன்னு போயிட்டா. அதனால லீவர் நல்லா இருக்கு.

அடுத்தது பிரேக். இடது கைப் பிரேக்கோட கட்டை தேஞ்சு இரும்பு தெரியுது. வலது கைப் பிரேக்கோட கட்டை புதுசு மாதிரி அப்படியே இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல மாட்டினது நான். அப்படின்னா நீங்க ரொம்ப நாளா வலது பிரேக்கையே பிடிக்கல. பிடிக்க முடியல.

மூணாவது வண்டியில இல்லை, பையில. தொக்கு பாட்டிலோட எண்ணெய் பை பூரா ஊறி வந்திருக்கு. சைனம்பு மூடியில கை வெச்சா, வெச்சதுமே கழண்டுடுச்சு. "இன்னாங்க இது? இந்தம்மா மூடினா நீங்க நிலைப்படில தட்டுவீங்க. இப்போ கொழந்த தொறக்கலாம் போல கீது"ன்னா. அவ சொன்ன பிறகுதான் எனக்கு பிரேக்கும் லீவரும் ஒண்ணாச் சேர்ந்துச்சு.

மேடம், கியர்ல கோளாறு இல்லை. உங்க வலது கையில பிடி இல்லை.

சைனம்பு ஒண்ணு கேட்கச் சொன்னா. விடியக்காலையில கை மரத்துப் போய் உதறிக்கிட்டு எழுந்திரிக்கிறீங்களா? கட்டை விரலுக்குக் கீழ இருக்கிற மேடு, இடது கையில இருக்கிற மாதிரியே வலது கையிலும் இருக்கா, வத்தியிருக்கா? அவளோட அக்கா திருவிடந்தையில ஓட்டலுங்களுக்கு இடியாப்பம் பிழிஞ்சு கொடுக்கிறவங்க. அவங்களுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு டாக்டர் சொன்னார். உங்களுக்கும் அதுதான்னு நான் சொல்ல வரல. நான் சைக்கிள் வியாபாரி. சொல்ல வேண்டியவங்க சொல்லணும்.

டாக்டரைப் பார்த்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும். ஒரு பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுறவங்க கையில, அதுவும் அந்தப் பிரேக்குல கட்டையே இல்லாதப்போ, என் கடையிலிருந்து வண்டி வெளிய போகாது.

தொக்குல உப்பு சரியாத்தான் இருக்கு.

பஷீருதீன்


செங்கல்பட்டு
12.8.2024

திரு. பஷீருதீன் அவர்களுக்கு,

என் வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பழுது பார்க்கக் கொடுத்த பொருளைத் திருப்பித் தர மறுப்பதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். மரியாதைக்காக எழுதாமல் விடுகிறேன்.

வலது பிரேக் முன் சக்கரத்துக்கு உரியது. முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவீர்கள், இடது பிரேக்கையே பிடியுங்கள் என்று வண்டி விற்ற அன்று சொன்னது யார்? நீங்கள்தான். நீங்கள் சொன்னபடி ஓட்டியதற்குத் தண்டனை எனக்கா?

தொக்கு பாட்டில் மூடியை வைத்து வைத்தியம் பார்க்கிற ஊர் புதுப்பட்டினமாகத்தான் இருக்கும். அந்த பாட்டிலின் மரை தேய்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் டவுன்ஷிப்பைக் காலி செய்தபோது, "மேடம், வண்டியை எனக்கே கொடுத்துடுங்க" என்று மூன்று முறை கேட்டீர்கள். அன்று நான் தரவில்லை. இன்று கையைக் குறை சொல்லி வாங்கப் பார்க்கிறீர்களா? உங்களிடம் விற்றதாக நான் சொன்ன பொய்யை நீங்கள் உண்மையாக்கிவிட்டீர்கள். நல்ல வியாபாரம்.

காலையில் நான் கீழே இறங்கும்போதெல்லாம் வேண்டா, "டியூட்டி இல்லையா ஆபீசரம்மா?" என்று கேட்கிறாள். மேலே ஏறி வந்துவிடுகிறேன். ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறேன். ஆதித்யா, "இப்பத்தான் அம்மா நிம்மதியா இருக்கா" என்று போனில் யாரிடமோ சொல்கிறான். இதுதான் நீங்கள் செய்திருப்பது.

வண்டியை அடுத்த வேனில் ஏற்றுங்கள்.

ரோகிணி

சைனம்பு கேட்டதற்கு: ஆம், விடியற்காலையில் மரத்துப்போகிறது. வயதானால் எல்லாருக்கும் மரத்துப்போகும்.


புதுப்பட்டினம்
17.8.2024

ரோகிணி மேடத்துக்கு,

திரு. போட்டு எழுதியிருக்கீங்க. பரவாயில்லை. பாய்னு கூப்பிட மனசு வர்றப்போ கூப்பிடுங்க.

முன் பிரேக்கைத் தனியாப் பிடிச்சா விழுவீங்கன்னு நான் சொன்னது உண்மைதான். ஆனா டவுன்ஷிப்பில இருந்த காலத்துல ரெண்டு கட்டையும் சேர்ந்துதான் தேஞ்சுது. வருஷா வருஷம் மாத்தினவன் நான், எனக்குத் தெரியாதா? போன வருஷம் ஏரிக்கரையில விழுந்தீங்களே, அப்போ எதனால விழுந்தீங்கன்னு உங்க கடிதத்துல எழுதல. நானும் கேக்கல. நீங்களே உங்களைக் கேட்டுக்குங்க.

வண்டியை வாங்கப் பார்க்கிறேனான்னு கேட்டீங்க. ஆமா, அதுமேல எனக்கு அன்னிக்கும் கண்ணு, இன்னிக்கும் கண்ணு. இந்த ஃப்ரேம் இப்போ வர்றதில்லை. துடைச்சு மாமல்லபுரத்துல இருக்கிற என் வாடகைக் கடையில நிறுத்தினா, கடற்கரைக் கோயிலைச் சுத்திப் பார்க்க வர்ற வெள்ளைக்காரங்க இதைத்தான் முதல்ல கேப்பாங்க. சீசனுக்கு வாடகை அள்ளும். அதனாலதான் சொல்றேன், கொஞ்சம் யோசிங்க. எனக்கு லாபம் வர வழி ரெண்டு. ஒண்ணு, உங்களுக்குப் புது லீவர் விக்கிறது. இன்னொண்ணு, கை போயிடுச்சு மேடம், வண்டியைக் கொடுத்துட்டு வீட்டுல இருங்கன்னு சொல்றது. ரெண்டையும் நான் சொல்லல. டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேன். அதுல எனக்கு என்ன கிடைக்கும்? திட்டுதான் கிடைச்சுது.

நான் ஐஸ் பொட்டி சுமந்து, வாடகைக்கு ரெண்டு ஓட்டை சைக்கிள் விட்டு, அப்புறம் கடை போட்டவன். என்கிட்ட வண்டி வாங்குறவன் ஒரு வருஷத்துல ஓட்டுறதை நிறுத்திடுவான். மூலையில துரு ஏறும், நானே பாதி விலைக்குத் திரும்ப எடுப்பேன். வித்த வண்டியை விடாம ஓட்டினவங்க என் கடைக்கு நீங்க ஒருத்தர்தான். அதை நான் கெடுப்பேனா?

டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்கேன்னு எழுதினது எனக்குச் சங்கடமா இருக்கு. சைனம்புகிட்ட படிச்சுக் காட்டினேன். "வண்டியையாவது குடுத்துத் தொலைங்க, தள்ளிகினாவது போவாங்க"ன்னா. அப்புறம் அவளே, "வாணாம், வெச்சுக்கோங்க"ன்னுட்டா. அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, எது சரின்னு.

வண்டி கடைக்கு உள்ள, நிழல்ல நிக்குது. யாருக்கும் வாடகைக்கு விடல. ஒருத்தன் கேட்டான், ஓனர் ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன்.

அக்காவுக்குக் கை திரும்பிடுச்சு. இப்பவும் இடியாப்பம் பிழியறாங்க. ஆனா அவங்க சீக்கிரமே போனாங்க. அதையும் எழுதச் சொன்னா சைனம்பு.

பஷீருதீன்


செங்கல்பட்டு
29.9.2024

பஷீர் பாய்க்கு,

இதை நான் சொல்லச் சொல்ல ஆதித்யா எழுதுகிறான். அவன் தமிழ் எழுதி ரொம்ப வருடம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அவனைத்தான் கேட்க வேண்டும். (வணக்கம் அங்கிள். மொபைல்ல டைப் பண்ணி பிரிண்ட் எடுக்கிறேன்னு சொன்னேன். அம்மா ஒத்துக்கல. - ஆதித்யா)

உங்கள் கடைசிக் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் ஒரு நாள் ஆதித்யாவின் சட்டைக்கு அறுந்த பித்தானைத் தைக்க உட்கார்ந்தேன். ஊசியைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. ஊசி கீழே விழுந்தது. தேடித் தேடிப் பார்த்தால், அது கையிலேயே குத்திக்கொண்டு நின்றது. எனக்கு வலிக்கவே இல்லை. அன்று பயந்துவிட்டேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து அவன் லேப்டாப் மேல் வைத்தேன். (செம மீன் வாசனை அங்கிள். ரெண்டு மாசமா இந்த வாசனை எங்கேர்ந்து வருதுன்னு ஃப்ரிட்ஜைக் கழுவிட்டு இருந்தேன்.) எல்லாவற்றையும் படித்தான். சத்தம் போடவில்லை. "ஹெட்போனைத் திருப்பிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டான். அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம். (நான் அழுதேன்னு அவங்க சொல்லல. எழுத வேண்டாம்னாங்க. எழுதிட்டேன்.)

இடியாப்பக்கார அக்காவுக்கு வந்ததுதான். கையில் சிறு சிறு ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது. இன்னும் விட்டிருந்தால் அந்தத் தசை திரும்பியே இருக்காது என்றார் டாக்டர். அப்புறம் ஆபரேஷன். காலையில் போனேன், ஊசி போட்டு மரக்க வைத்து, கீறி, மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மரத்துப்போவது நின்றுவிட்டது. பலம் மெதுவாகத்தான் வரும். முழுக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். பழைய வலது கை எனக்குத் திரும்பக் கிடைக்காமலே போகலாம். இதை எழுதச் சொல்லும்போது ஆதித்யா பேனாவை நிறுத்தினான். எழுதுடா என்றேன்.

ஏரிக்கரையில் ஏன் விழுந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னீர்கள். நாய் குறுக்கே வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். நாய் வந்தது உண்மைதான். பிரேக் பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இடது கை நன்றாக இருக்கிறது. வலது கை ஹேண்டில்பாரில் சும்மா கிடந்தால் போதும் என்கிற மாதிரி அந்த வண்டியை மாற்ற முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். உங்களால் அப்படி எழுத முடியும் என்று தெரியும். அப்படியானால் வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் யாராவது ஓட்டட்டும், துருப் பிடிக்க வேண்டாம். ஆதித்யாவைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஏரிக்கரைல மட்டும்னா சரி" என்றான். (அங்கிள், பிரேக் நிச்சயமா பிடிக்கணும். அதை மட்டும் நீங்க எனக்கு எழுதிக் கொடுங்க. மத்ததுல நான் தலையிடல.)

திரு. போட்டதை மறந்துவிடுங்கள் பாய்.

ரோகிணி
(கையெழுத்து மட்டும் அம்மாவே, இடது கையில்.)


புதுப்பட்டினம்
6.10.2024

ரோகிணி மேடத்துக்கும் ஆதித்யா தம்பிக்கும்,

முடியும். முடிச்சும் ஆயிடுச்சு. வண்டி இந்தக் கடிதத்தோட சம்பத் வேன்ல வருது. இந்த முறை மீன் பொட்டிக்கு மேல சாக்கு போட்டு, சாக்கு மேல வண்டி. "ஆபீசரம்மா வண்டியா? ஆபரேசன் ஆச்சாமே, கை எப்டி கீதாம்?"னு அவனே கேட்டு, அவனே கட்டினான்.

செஞ்சது என்னன்னு சொல்றேன். முன்னாடி இருந்த மூணு பல்சக்கரத்துல நடுவுல இருக்கிறதை மட்டும் விட்டுட்டு, மத்ததைக் கழட்டிட்டேன். ஏரிக்கரைக்கு அது போதும். அதனால இடது கை லீவருக்கு வேலை இல்லாம போச்சு. அந்த இடத்துல பழைய மாடல் கட்டை விரல் லீவர் ஒண்ணு மாட்டி, பின் சக்கரக் கியரை அதுக்குத் திருப்பிட்டேன். அது கிளிக்குனு சொல்லாது. நீங்களே கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் பார்த்துப் பழகிக்கணும், ரெண்டு நாள்ல வந்துடும். விரல் வேணாம், உள்ளங்கையாலயே தள்ளலாம்.

பிரேக்குதான் தம்பி கேட்டது. மூணு சக்கர வண்டிக்காரங்க போடுற லீவர் ஒண்ணு இருக்கு. ஒரு கையில பிடிச்சா ரெண்டு கம்பியும் சேர்ந்து இழுக்கும், முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணாப் பிடிக்கும். அதை இடது பக்கம் மாட்டியிருக்கேன். நான் புதுப்பட்டினம் பஸ் ஸ்டாண்டு இறக்கத்துல சைனம்புவைப் பின்னாடி உட்கார வெச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். நின்னுச்சு. "இந்த வயசுல இது வேறயா"ன்னு அவ இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிட்டா. தம்பி, பிரேக் பிடிக்கும். எழுதிக் கொடுத்துட்டேன்.

வலது கை லீவரையும் பிரேக்கையும் கழட்டிப் பையில போட்டு அனுப்பியிருக்கேன். தூக்கிப் போடாதீங்க. கை தேறினா திரும்ப மாட்டிக்கலாம். தேறலைன்னாலும் வண்டி ஓடும்.

நாலாயிரத்துக்கு நான் வாங்கினதா சொன்ன கணக்கை நான் ஒத்துக்கல. அந்த வண்டிக்கு ஆறு கொடுத்திருப்பேன். இனிமே என் பேர்ல விக்கிறதா இருந்தா விலையைக் கேட்டுட்டு வித்துக்குங்க.

செலவுக் கணக்கு இது. கட்டை விரல் லீவர், பழசு, 350. ரெட்டைப் பிரேக் லீவர் 480. கேபிள் 160. மொத்தம் 990. முன்னாடி போட்ட கேபிள் தேவையில்லாத செலவு, அந்த 160-ஐக் கழிச்சு 830. சம்பத் கையில கொடுத்துடுங்க. வண்டி ஏரிக்கரையில மட்டும் ஓடணும், லாரி ஓடுற ஜி.எஸ்.டி. ரோட்டுல ஏறக் கூடாது. இனிமே வேண்டா கொட்டகைக்குப் பின்னாடி நிக்கவும் கூடாது, வீட்டு வாசல்லதான்.

கூலி தனி. மாங்காய்த் தொக்கு ஒரு பாட்டில். அவசரம் இல்லை, சித்திரையில மாங்காய் வந்ததும் போட்டா போதும். மூடியை உங்க வலது கையால மூடணும், தம்பி கை வெக்கக் கூடாது. சைனம்புவால அதைத் தொறக்க முடிஞ்சா, கூலி வந்து சேரலைன்னுதான் கணக்கு.

பஷீருதீன்